நரியைப் புதைக்குமுன் காதுநுனியையாவது எடுத்து வையுங்கள்

கொழும்பு மாவட்டத்தில் காட்டு விலங்குகளுக்கும் விசர்நோய் (ரேபிஸ்) தடுப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

அவிசாவளைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நடமாடும் நரிகளைக் கூடு வைத்துப் பிடித்து, தூரத்திலுள்ள ஒரு காட்டில் கொண்டுபோய் விடப்போவதாகப் போன மாதம் தோட்டத்து மக்களைக் கூட்டிச் சொன்னீர்கள். கூட்டில் சிக்காதவற்றைச் சுடுவதற்கு அனுமதி கேட்கப்போவதாகவும் சொல்லப்பட்டது. எந்தப் பரிசோதனையைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அங்கே ஒருவர் கேட்டார். பதில் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அந்தக் கூட்டத்துக்குக் காரணமான, தோட்டத்துத் தொழிலாளி ஒருவரைக் கடித்த நரியை, ஒரு துளி மாதிரிகூட எடுக்காமல், சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடும்படி சொன்னதும் உங்கள் அலுவலகங்கள்தான்.

நான் கொழும்பில் உயர்தர வகுப்புக்குத் தமிழில் உயிரியல் படிப்பிப்பவள். பிறந்து வளர்ந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். என் சின்னம்மா குடும்பம் இன்றும் அங்கேதான் பால் வெட்டுகிறது. நரிகளுக்குப் பரிந்து பேசுகிற நகரத்து ஆள் என்று இந்த மடலை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கடிபட்டவன் என் சின்னம்மாவின் மகன்.

பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே மலைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓடாது. தலையில் கட்டிய லைட்டின் வெளிச்சத்தில் அவன் பட்டையைக் கீறிக்கொண்டிருந்தபோது, நரி நேராக அவனை நோக்கி வந்திருக்கிறது. சாதாரண நரி மனிதனைக் கண்டால் விலகிப் போகும். இது விலகவில்லை. வலது மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் ஓடிவந்து தடியால் அடித்துத்தான் கையை விடுவித்தார்கள். அவன் பீலிக்கு ஓடி, சவர்க்காரம் போட்டு நெடுநேரம் காயத்தைக் கழுவினான். ஆஸ்பத்திரியில் சீரமும் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது நலமாக இருக்கிறான்.

தகவல் கிடைத்ததும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் எடுத்துப் போனேன். பால் ஸ்டோருக்குப் பின்னால், ஒரு உரப்பையின் மேல் அந்த நரி கிடந்தது. ஆண் நரி, மெலிந்துபோயிருந்தது. வாலின் அடியிலும் பின்தொடைகளிலும் மயிர் கொட்டி, தோல் தடித்துச் சாம்பல் பூத்திருந்தது. காதின் உட்பக்கம் முழுக்கக் கறுத்த பொருக்கு. வாய் ஓரத்தில் நுரை காய்ந்திருந்தது. கண்ணில் சளி கட்டியிருந்தது. இவ்வளவையும் பார்த்த பிறகும் அதற்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது. விசர்நோயாக இருக்கலாம். நாய்களுக்கும் நரிகளுக்கும் வருகிற டிஸ்டெம்பர் மூளையைத் தாக்கினாலும் விலங்கு இப்படித்தான் பயமற்று, தள்ளாடி, கண்டதைக் கடிக்கும். மயிர் கொட்டியது சிரங்குச் சிற்றுண்ணியால் வந்திருக்கலாம். மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். பிரித்துச் சொல்வதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

அன்று பகல் முழுவதும் தொலைபேசியில் இருந்தேன். ஒரு அலுவலகத்தில், “மிஸ், வருத்தம் சம்பந்தப்பட்டதென்றால் சுகாதாரப் பக்கம் கேளுங்கோ” என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், “காட்டு மிருகம் எங்களுக்குக் கீழ வராது, நாய் என்றால் தலையை எடுப்போம்” என்றார்கள். மூன்றாவது இடத்தில், ஆளுக்கு ஊசி போட்டாயிற்றுத்தானே, பிறகு எதற்குப் பரிசோதனை என்று கேட்டார்கள். பின்நேரம் டிராக்டர் வந்தது. குழி வெட்டினார்கள். எல்லாம் முடிந்தது.

இதற்கிடையே நடந்த ஒன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நரியின் தலையைத் தரமுடியுமா என்று வெளியாள் ஒருவர் வந்து கேட்டார். நரியின் மண்டையோட்டில் முளைப்பதாகச் சொல்லப்படும் நரிக்கொம்புக்காகத்தான். அதை வைத்திருப்பவன் வழக்கில் தோற்கமாட்டான் என்கிற நம்பிக்கை சிங்களவர், தமிழர் இரு தரப்பிலும் நூற்றாண்டுகளாக இருக்கிறது. அந்த மனிதர் கையுறைகூட இல்லாமல், ஒரு கத்தியை மட்டும் கொண்டு வந்திருந்தார். விசர்பிடித்த விலங்கின் மண்டையோட்டை வெட்டித் திறப்பவருக்கு என்ன ஆபத்து என்று எடுத்துச் சொல்லி, கெஞ்சாத குறையாகத் திருப்பி அனுப்பினோம். அப்படியொரு பிணம் அரசாங்கத்தின் கையில் இல்லாமல் ஒரு பகல் முழுக்கத் திறந்த வெளியில் கிடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

ஊசி போட்டாயிற்று, பிறகு எதற்குப் பரிசோதனை என்ற கேள்விக்கு இந்த மடலில் பதில் சொல்ல வேண்டும். கடிபட்டவருக்கான சிகிச்சை எந்த முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் பரிசோதனை அவனுக்காக மட்டுமல்ல. நாளை கடிபடப் போகிறவர்களுக்காகவும், நீங்கள் எடுக்கப்போகும் முடிவுக்காகவும்தான். நரிக்கு விசர் இருந்ததா என்பது முதற்கேள்வி. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் விலங்குத் தலைகளைப் பரிசோதித்து இதைச் சொல்கிறார்கள். கசியாத பாத்திரத்தில், ஐஸ் சூழ வைத்து அனுப்பினால் போதும். அவிசாவளையிலிருந்து அதே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். இரண்டாவது கேள்விதான் இங்கே யாரும் கேட்காதது. அந்த வைரஸ் யாருடையது? தோட்டத்து நாய்களிடமிருந்து தவறி நரிக்கு வந்ததா, அல்லது நரிகளுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதா?

விடை எதுவோ அதற்கேற்ப நீங்கள் செய்ய வேண்டிய வேலை தலைகீழாக மாறும். நாயிடமிருந்து வந்தது என்றால் நரியைத் துரத்துவதில் பயனே இல்லை. லயத்து நாய்களில் குறைந்தது 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நரியிடமும் நோய் தானாக ஓயும். நரிக்கூட்டத்துக்குள்ளேயே வைரஸ் நிலைத்துவிட்டது என்றால் நாய்க்கு மட்டும் ஊசி போட்டுப் போதாது, நரிகளுக்கும் இரையில் வைத்த வாய்வழித் தடுப்பு மருந்து வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிய, வைரஸின் மரபணு வரிசையும் நரிகளின் மரபணு வரிசையும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்.

அலாஸ்காவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே ஆர்க்டிக் விசர் வைரஸின் மூன்று திரிபுகள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரதேசத்தில். வெண்ணிறப் பனிநரியும் சிவப்பு நரியும் இரண்டுமே விசரால் சாகின்றன. இரண்டில் எது நோயைத் தாங்கி வைத்திருக்கிறது, எது இடையில் சிக்கிச் சாகிறது என்பதுதான் சிக்கல். 2016இல் வெளியான ஆய்வில் இரண்டு இனங்களினதும் மரபணுக்களைப் பிரதேசவாரியாகப் பார்த்தார்கள். தாய்வழி மரபணுவை மட்டும் பார்த்தபோது எந்தப் பொருத்தமும் தெரியவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் பரம்பரைக் குறிகளை இடத்தோடு சேர்த்துப் பார்த்தபோது பனிநரிகள் மூன்று நான்கு கூட்டங்களாகப் பிரிந்தன. அந்தக் கூட்டங்களின் எல்லைகள் வைரஸ் திரிபுகளின் எல்லைகளோடு நெருக்கமாக ஒத்துப்போயின. சிவப்பு நரிகளிலோ எட்டுக் கூட்டங்கள், அவையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. வைரஸின் பரவலைத் தீர்மானிப்பது முதன்மையாகப் பனிநரியே என்ற முடிவுக்கு அதைக் கொண்டு வந்தார்கள். சிவப்பு நரிக்கும் பங்கு இருக்கலாம் என்பதை அவர்கள் மறுக்கவில்லை.

பனிநரியின் இடத்தில் நாயையும் சிவப்பு நரியின் இடத்தில் எங்கள் பொன்னரியையும் வைத்துப் பாருங்கள். அவிசாவளைக்கு வேண்டியது இதே முறைதான். இது நம் நாட்டுக்குத் தூரமான விஞ்ஞானமும் அல்ல. இலங்கையில் மட்டுமே வாழும் பொன்மரநாயில் கண்டறியப்பட்ட விசர் வைரஸ் நாய்களிடம் உள்ளதிலிருந்து வேறுபட்ட திரிபு என்று 2011இல் வெளியான ஆய்வொன்று சொல்லியிருக்கிறது. அதாவது, நம் காடுகளுக்குள் நாய்களோடு தொடர்பற்ற விசர் சுற்றக்கூடும் என்பதற்கான சைகை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதன் பிறகும், ஒரு மனிதனைக் கடித்த நரியின் தலை மண்ணுக்குள் போயிருக்கிறது.

நரிகளுக்கிடையே உள்ள பரம்பரை வேறுபாடு வைரஸின் வழியைக் காட்டுவதோடு நிற்பதில்லை. எந்தக் கூட்டம் எந்த நோய்க்கு ஆளாகும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். உடலுக்குள் புகுந்த கிருமியை அடையாளம் காட்டுவதற்கென்று ஒரு பரம்பரையலகுத் (மரபணுத்) தொகுதி முள்ளந்தண்டு விலங்குகளிடம் உண்டு. ஒரு கூட்டத்தில் அதன் வடிவங்கள் எவ்வளவு பலவிதமாக இருக்கின்றனவோ, ஒரே கிருமி எல்லோரையும் வீழ்த்துவது அவ்வளவு கடினம். லயத்தில் எல்லாக் காம்பிராவுக்கும் ஒரே பூட்டைப் போட்டால் கள்ளனுக்கு ஒரு சாவி போதும். சிறிய, அடைபட்ட கூட்டங்களில் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து இந்தப் பலவிதம் குறைகிறது.

கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சனல் தீவுகளில் ஆறு தீவுகளில் தீவு நரி வாழ்கிறது. ஒவ்வொரு தீவு நரியும் தனித் துணையினம். அவற்றுள் சான் நிக்கலஸ் தீவு நரிகளின் மரபணுத் தொகுதியில் ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லை என்று சொல்லுமளவுக்கு ஒருமை இருப்பதை 2016இல் முழு மரபணு வரிசையாக்கம் காட்டியது. ஆனால் நான் மேலே சொன்ன, கிருமியை அடையாளம் காட்டும் அந்த நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) பரம்பரையலகுத் தொகுதியில் மட்டும் அவற்றிடம் வேறுபாடு எஞ்சியிருப்பதை 2004இலேயே கண்டிருந்தார்கள். மற்ற எல்லா வேறுபாடும் கரைந்தபோதும் இது மட்டும் கரையாமல் நின்றதென்றால், இயற்கைத் தேர்வு அதை அவ்வளவு வலுவாகத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இந்த ஒரு தகவலை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதே தீவுக்கூட்டத்தில் சான்டா கத்தலீனா என்ற தீவு. அங்குள்ள நரிகளின் காதில் சிற்றுண்ணிகள் நிறைந்திருந்தன, வளர்ந்த நரிகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காதில் கட்டிகள், அவற்றில் பல புற்றுநோய். அதே சிற்றுண்ணி பக்கத்துச் சான் கிளமென்டி, சான் நிக்கலஸ் தீவு நரிகளிடமும் இருந்தது. ஆனால் அங்கே கட்டிகள் அரிது. ஒரே சிற்றுண்ணி, ஒரு தீவில் புற்றுநோய், அடுத்த தீவில் அது இல்லை. அதனால்தான் கத்தலீனா நரிகளின் மரபணுக்களில் விடை இருக்குமா என்று ஆராயத் தொடங்கினார்கள். அதே வேளை விடைக்காகக் காத்திருக்கவும் இல்லை. காதில் மருந்து விட்டுப் பார்த்தார்கள். மருந்து பெற்ற நரிகளில் சிற்றுண்ணி இருந்தவற்றின் வீதம் ஆறு மாதத்தில் 98இலிருந்து 10 ஆகக் குறைந்தது. பால் ஸ்டோருக்குப் பின்னால் நான் பார்த்த அந்தக் காதின் கறுத்த பொருக்கை இதைப் படித்த ஒருவர் பார்த்திருந்தால், குறைந்தது ஒரு பஞ்சில் தொட்டு எடுத்து வைத்திருப்பார்.

நோய் மரபணுவைக் குலைப்பதும் நடக்கிறது. பெரிங் கடலிலுள்ள மெட்னி தீவில் 1970களில் காதுச் சிரங்கு பரவிப் பனிநரிக் குட்டிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கூட்டம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. மிஞ்சியவற்றில் நிர்ப்பீடனப் பரம்பரையலகுகளின் பலவிதமும் சுருங்கிவிட்டது. இன்றுவரை அந்தக் கூட்டம் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

இவற்றையெல்லாம் அவிசாவளையோடு ஏன் பொருத்துகிறேன் என்று நினைக்கலாம். மேற்கு மாகாணத்து நரிக்கு இன்று மிஞ்சியிருப்பது ரப்பர் தோட்டமும் வயலோரமும் சதுப்பும்தான். 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்தது, 2014இல் கொட்டாவையிலிருந்து கடுவலைக்கு வெளிச் சுற்றுவட்டப் பாதை திறந்தது. மனிதருக்கு நல்லது, நானும் அதில் பயணிக்கிறேன். நரிக்கு அவை வேலி. சதுப்புகளை நிரப்பி வீடு கட்டியதும் அப்படித்தான். 2018இல் உலகின் முதலாவது ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டபோது பெருமைப்பட்டோம். அந்த ஈரநிலங்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையில் வாழும் விலங்குகள் இப்போது எத்தனை துண்டுகளாகிவிட்டன, துண்டுகளுக்கிடையே இரத்தக் கலப்பு நடக்கிறதா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டேன். கேள்வியைக் குறித்துக்கொண்டவர்கூட இல்லை.

இப்போது உங்கள் முடிவுக்கு வருகிறேன். பிடித்துக் கொண்டுபோய் விடுவது இரக்கமான வழி என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். நோய் என்னவென்று தெரியாமல் அதைச் செய்வது எங்கள் தோட்டத்துப் பிரச்சினையை இன்னொரு ஊர்த் தலையில் கட்டுவதாகவே முடியும்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் தென்கிழக்கிலிருந்து ரக்கூன்களை வண்டியேற்றி வடக்கே கொண்டுபோய் விட்டார்கள். அவற்றோடு அவற்றின் விசரும் போனது. 1977இல் மேற்கு வேர்ஜீனியாவில் தலைகாட்டிய அந்த நோய், பிறகு கிழக்குக் கரை முழுவதும் பரவி இன்றும் அங்கேயே இருக்கிறது. நான் சொன்ன கத்தலீனா தீவிலேயே 1999இல் டிஸ்டெம்பர் வந்து, சுமார் 1,300 ஆக இருந்த நரிகளில் ஏறத்தாழ 100ஐ மட்டும் விட்டுவைத்தது. வைரஸின் வரிசையைப் படித்தபோது அது பெருநிலத்து ரக்கூன்களிடம் இருந்ததோடு ஒத்திருந்தது. எப்படியோ கடல் தாண்டி வந்த ஒரு விலங்கே போதுமாக இருந்திருக்கிறது. தீவின் மேற்கு முனை தப்பியது, நடுவில் நிலம் ஒடுங்கி இருந்ததால்.

டிஸ்டெம்பர் நாய்க்குடும்பத்தோடு நிற்கிற நோயுமல்ல. 1994இல் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றிலொரு பங்கு அதனால் செத்தது. நீங்கள் நரிகளை விடப்போகிற காட்டில் சிறுத்தைகள் உண்டா? அந்தச் சிறுத்தைகளைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். கூட்டுக்குள் இருக்கும் நரிக்கு டிஸ்டெம்பர் இல்லை என்று உங்களில் யார் கையெழுத்திட்டு உறுதி தருவார்?

விலங்குகளை இடம் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவீடனில் உறவுக்குள் இனம்பெருக்கி நலிந்திருந்த ஒரு பனிநரிக் கூட்டத்துக்கு நோர்வேயில் வளர்த்து விடப்பட்ட நரிகள் சில வந்து சேர்ந்தபோது, பிறந்த கலப்புக் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. புது இரத்தம் சில இடங்களில் உயிர் கொடுக்கும். அங்கே அந்தக் கூட்டத்தின் மரபணுவை வருடக்கணக்காகப் படித்திருந்தார்கள், எது யாருடைய குட்டி என்றுகூடத் தெரிந்திருந்தது. நீங்கள் சொன்ன திட்டத்தில் கூடும் வாகனமும் மட்டுமே இருந்தன.

சுடுவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஐரோப்பா பல பத்தாண்டுகள் நரிகளைச் சுட்டும் பொறிவைத்தும் வளையில் நச்சுப்புகை விட்டும் கொன்றது. விசர் நிற்கவில்லை. ஒரு நரி செத்தால் அதன் இடத்துக்கு அக்கம்பக்கத்து இளநரிகள் சண்டை பிடித்துக்கொண்டு வருகின்றன. நடமாட்டமும் கடியும் கூடுகின்றன. 1978இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போடத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. 1999இல் அந்த நாடு விசரற்றதாக அறிவிக்கப்பட்டது. நம்மிடமும் இதைவிடப் பெரிய வெற்றியொன்று உண்டு. 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசரால் செத்தார்கள். இன்றைய எண்ணிக்கை அதன் ஒரு சிறு பங்குதான். நாய்களுக்கு ஊசி போட்டும், கடிபட்டவருக்குச் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்தும் உங்கள் துறைகளில் முன்பு இருந்தவர்கள் செய்த சாதனை அது. அதை மனதார மதிக்கிறேன். 2030க்குள் நாய்வழி விசர் மரணங்களை முற்றாக ஒழிப்பது உலகத்தின் இலக்கு. கடைசியில் மிஞ்சுகிற மரணங்கள் நாங்கள் பார்க்காமல் விட்ட மூலைகளிலிருந்துதான் வரும். விடியற்காலை இருட்டில் தனியே பால் வெட்டுகிற ஒரு தொழிலாளி நிற்கும் இடம் அப்படியொரு மூலை.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

நரிகளைப் பிடித்து இடம் மாற்றும் முடிவையும் சுட அனுமதி கேட்கும் முடிவையும், ஆய்வுகூட முடிவுகள் கையில் கிடைக்கும்வரை எழுத்தில் நிறுத்தி வையுங்கள். வாய்ச்சொல் போதாது. கூட்டத்தில் வாயால் சொன்னதைத்தான் மக்கள் இப்போது ஆணையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏற்கெனவே சிலர் சுருக்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மனிதரைக் கடித்த, அல்லது காரணம் தெரியாமல் செத்த ஒவ்வொரு நரிக்கும் பொறுப்பான அலுவலகம் எதுவென்று ஒரே ஒன்றைப் பெயர் குறித்து அறிவியுங்கள். தொலைபேசி இலக்கம் ஒன்று, இரவு பகல் எடுக்கக்கூடியதாக. தலை அன்றைக்கே ஐஸில் பரிசோதனைக்குப் போக வேண்டும். காதுநுனியில் ஒரு துண்டை மதுசாரத்தில் போட்டு, இடமும் திகதியும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். காதிலும் தோலிலும் சுரண்டி எடுத்த மாதிரியும் வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு முன்கூட்டியே விசர்த் தடுப்பூசியும் நல்ல கையுறையும் கொடுங்கள். வீதியில் வாகனம் அடித்துச் சாகும் நரிகளையும் சேர்த்துக்கொண்டால் உயிருள்ள ஒன்றைக்கூடப் பிடிக்காமலே சில வருடங்களில் மேற்கு மாகாணத்து நரிகளின் பரம்பரைப் படம் உருவாகிவிடும். மரபணு வரிசை படிக்கும் ஆற்றல் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அவர்களோடு ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள்.

விசர் உறுதியாகும் ஒவ்வொரு நரியிலும் வைரஸின் வரிசையைப் படித்து, அதே பிரதேசத்து நாய்களின் வைரஸோடு ஒப்பிட்டு, முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள். டிஸ்டெம்பரையும் அதே மாதிரியில் சோதியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னதாக, இந்த மாதத்திலேயே, அந்தத் தோட்டங்களின் லயத்து நாய்கள் அத்தனைக்கும் ஊசி போடுங்கள். தோட்டத்து மக்கள் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரத்தில் வாருங்கள். சென்ற முறை ஊசி வண்டி வந்தது எல்லோரும் மலையில் இருந்த நேரத்தில். கட்டாத நாய்களைப் பிடித்துக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. இரையில் வைக்கும் தடுப்பு மருந்து நம் நரிகளுக்குப் பொருந்துமா என்ற ஆய்வையும் இப்போதே தொடங்குங்கள்.

நரித்தலையை விற்பதும் வாங்குவதும் உயிருக்கு ஆபத்து என்று வெளிப்படையாக அறிவித்து, சந்தைகளிலும் இணையத்திலும் நடக்கும் நரிக்கொம்பு வியாபாரத்தைச் சட்டப்படி கவனியுங்கள்.

அடுத்த கூட்டத்தைத் தமிழிலும் நடத்துங்கள், அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுங்கள். போன மாதம், வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட்ட தாள் சிங்களத்தில் மட்டும் இருந்தது. கடிபட்டால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற இரண்டு வரிகளைக்கூட அங்கே பால் வெட்டுகிறவர்களில் பலரால் வாசிக்க முடியவில்லை. இந்த மடலுக்கான பதிலையும் எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். எழுத்தில், தமிழில், அதே பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13